படையல் குழம்பில் கற்பூர வாசம்

1

இந்தக் கதை ஓர் ஆட்டுக்கறிக் குழம்பிலிருந்து வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'பினாங்குத் தீவின் மேற்கே, ஜாதிக்காய்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரம்...' சுற்றுலாப் பயணிகளுக்கு எழுதியதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

'என் கணவர் புவனேஸ்வரன் ஒரு நேர்மையான'

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

அவர் கெலுகோரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். காட்டு வாசனைச் செடிகளின் இலைகளை ஆவியில் வேகவைத்து, எண்ணெய் இறக்கி, அந்த எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது வேலை. ஒரே வகை மரம், பார்வைக்கு ஒரே இலை. ஆனால் ஒரு மரத்தின் எண்ணெயில் கிராம்பு வாசம் வரும், இன்னொன்றில் கற்பூரம் வரும். மரத்துக்கு மரம் ரசாயனம் வேறு. வீட்டுக்கு வந்ததும் ஒரு இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவார். "எந்த மலை, சொல்லு?" நான் பெரும்பாலும் சரியாகச் சொல்வேன்.

இந்தக் கதைக்கு இரண்டு காட்டுப் பட்டை மரங்கள் போதும். தீவின் மேற்கே பாலிக் புலாவில் நிற்பது கிராம்பு. இன்னொன்று, கூட வேலை செய்த தாட்சாயினியின் வீட்டுக்குப் பின்னால் மலையடியில் நிற்பது. அது கற்பூரம்.

(ஆமாம், அவள் வீட்டுக்குப் பின்னால். கற்பனையாக இருந்திருந்தால் இவ்வளவு வசதியான இடத்தில் மரத்தை நட்டிருக்க மாட்டேன்.)

அவர் ஒன்றைப் பிடிவாதமாக நம்பினார். கடும் வறட்சியில் பாலிக் புலாவ் மரமே தன் எண்ணெயை மாற்றிக்கொள்ளும், கிராம்பு போய்க் கற்பூரம் வரும் என்றார். ஆய்வுக்கூடத்தில் சிரித்தார்கள். அளவு கூடும், குறையும். அடியோடு மாறாது என்றார்கள். "இந்த வெயில் காலத்துல காட்டுறேன்" என்றார்.

3

பிப்ரவரியில், மழையே இல்லாத ஒரு நாள், "பாலிக் புலாவ் போயிட்டு வந்துர்றேன்" என்று காரை, எங்கள் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்கள் அடுக்குமாடியின் வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டிருந்தது.

பையில் இலைகள் இருந்தன. காம்பில் அவர் கையெழுத்தில் 'பாலிக் புலாவ்' என்று சீட்டு. அழுகிவிடக் கூடாது என்று, அவர் செய்வதைப் போலவே, சமையலறை அலமாரியில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். முகர்ந்து பார்க்கவில்லை. கையை நீட்ட ஆள் இல்லாமல் எதற்கு முகர்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம். சமையல் அவர் தங்கை லெட்சுமி. பன்னிரண்டு பேருக்குக் குழம்பு கொதிக்கிறது. அலமாரியில் மூன்று நரம்போடு காய்ந்த இலை. பிரிஞ்சி இலைதானே என்று கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டாள்.

முதல் வாயிலேயே பக்கிரிசாமி மாமா நிறுத்தினார்.

"ஏம்மா லெட்சுமி, சாமிக்குக் காட்டுன சூடத்தயும் சேத்துக் கொதிக்க வச்சிட்டியா?"

"அலாமா! நான் எதுக்கு மாமா சூடத்தப் போடப் போறேன்? ஒழுங்கா சாப்புடுங்க லா."

"கறியத் தின்னா கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கு. புவனுக்குப் புண்ணியந்தான் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் பதினாறு நாளில் முதல் சிரிப்பு. நான் என் வாழையிலையில் இருந்த குழம்பை முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, கற்பூரம்.*

* சந்தேகமே இல்லை என்று எழுதியிருக்கிறேன். வாசல் பக்கத்தில் அன்று முழுவதும் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மாமா சொல்லாவிட்டால் எனக்கு அந்த வாசம் வந்திருக்குமா? நினைவிலிருந்து எழுதுகிறவளை நீங்கள் அதிகம் நம்பக் கூடாது.

4

இலையை வழித்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பாலிக் புலாவ் போயிருந்தால், மரம் மாறியிருக்க வேண்டும். அவர் சொன்னது உண்மை, ஊரே சிரித்தது தப்பு. மரம் மாறவில்லை என்றால், அன்றைக்கு அவர் அங்கே போகவே இல்லை. கற்பூர மரம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

பொய்ச் சீட்டு எழுதும் ஆள் அவர் இல்லை. என்னிடம் பொய் சொல்லும் ஆளும்

(இதையும் முடிக்கவில்லை.)

5

அடுத்த வாரம் தாட்சாயினி வந்தாள். யாழ்ப்பாண வழிக் குடும்பம். பேச்சில் இன்னும் கொஞ்சம் அந்தச் சாயல் உண்டு. கண் வீங்கியிருந்தது. நான் அதைக் கவனித்தேன் என்பதை அவளும் கவனித்தாள்.

"அக்கா, அவர் கடைசியா எடுத்த இலை இருக்கோ? அவற்ற பேர்ல கட்டுரைய அனுப்பலாமெண்டு இருக்கு. அது ஒண்டுதான் குறை."

"சாப்பிட்டுட்டோம்."

"என்னக்கா?"

"லெட்சுமி குழம்புல போட்டுட்டா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. ஒரு நல்ல எழுத்தாளர் இந்த இடத்தில் தெரிய வைத்திருப்பார்.

"வாசம் எப்பிடி இருந்தது அக்கா? உங்களுக்குத்தான் தெரியுமே. எந்த மலை, சொல்லு எண்டு கேப்பாரே..."

அந்த மூன்று சொற்கள் எங்கள் வீட்டுக்குள் சொல்லப்பட்டவை. ஆய்வுக்கூடத்தில் வேடிக்கையாகச் சொல்லிக் காட்டியிருக்கலாம். எல்லோரிடமும் கேட்டிருக்கலாம். இருக்கலாம்.

"கவனிக்கல" என்றேன்.

"அப்ப அந்த மரத்தையாவது காட்டுங்கோ. மழைக்கு முன்னம் திரும்ப எடுக்கலாம். அது எந்த மரமெண்டு எனக்குத் தெரியாது. ஆருக்கும் காட்டமாட்டார், ஆக்கள் இலையப் பிடுங்கி மொட்டையாக்கிப் போடுவினம் எண்டு."

கூடவே வேலை செய்தவளுக்கு மரம் தெரியாதாம். உண்மையாக இருந்தால், அவர் என்னை மட்டும்தான் அங்கே கூட்டிப்போயிருக்கிறார். பொய்யாக இருந்தால், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்த பொய். நாளை கூப்பிடச் சொல்லி அனுப்பினேன்.

6

இன்று காலை லெட்சுமியைக் காடி ஓட்டச் சொல்லிப் பாலிக் புலாவ் போனேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை நன்றாக இறங்கி மரம் பழையபடி ஆகிவிட்டால், அப்புறம் எந்த இலையும் எதையும் நிரூபிக்காது.

மரத்தடியில் நின்றேன். கை மேலே போகவில்லை.

"என்னா அண்ணி, மரத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? ஒண்ணப் பறிச்சு மோந்து பாத்துட்டு வாங்க லா. மழை வருது."

"நீ போய்க் காடியில உக்காரு."

அவள் உட்காரவில்லை. எம்பி ஒரு இலையைப் பிய்த்தாள், இரண்டு கையாலும் கசக்கினாள், முகத்தோடு வைத்துக்கொண்டாள். கைகளை எடுத்தபோது அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. லெட்சுமியின் முகத்தில் ஒன்றுமில்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

"சொல்லட்டா அண்ணி?"

"வேணாம்."

"அண்ணன் பாவம் அண்ணி."

அதற்கு என்ன அர்த்தம்? செத்துப்போனவரை இப்படிச் சந்தேகப்படுகிறாயே என்றா? அவருக்காகப் பொறுத்துக்கொள் என்றா? அவள் சொன்னாலும் நான் எப்படி நம்புவது, அவர் தங்கை ஆயிற்றே. மரம் நிறைய இலை இருந்தது. நான் பறிக்கவில்லை. அவள் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முதல் தூறல் விழுந்தது. வழி முழுக்கக் காடியின் கண்ணாடிகளை இறக்கி வைத்துக்கொண்டு வந்தோம், சாரல் அடித்தும்.

7

கற்பூரம் என்று ஒரு முடிவு எழுதினேன். அவர் சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறார், கட்டுரை அவர் பெயரில் வருகிறது, சிரித்தவர்கள் படிக்கிறார்கள். அந்த முடிவில் நான் தாட்சாயினியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். எழுதியவள் விதவை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

கிராம்பு என்று இன்னொன்று எழுதினேன். அதில் அவர் காடியிலிருந்து இறங்கி ஒரு வீட்டின் பின்பக்கம் நடக்கிறார். அவர் நடையை அவ்வளவு துல்லியமாக என்னால் எழுத முடிந்ததைப் பார்த்துப் பயந்து அதையும்

மேசையில் போன் அடிக்கிறது. தாட்சாயினி.

"அண்ணி, போனு!" சமையலறையிலிருந்து லெட்சுமி வருகிறாள். நான் எடுக்கப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டிவிட்டாள். தாட்சாயினி கேட்கத்தான் போகிறாள், லெட்சுமியும் சொல்லத்தான் போகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் இதை முடித்துக்கொண்டு எழுந்து போக வேண்டும்.

நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள்.