காணிக்கைப் பட்டியல்

"மூணு பொருள் வேணும்," என்றாள் அட்ராக்டா, நோட்டைப் புரட்டியபடி. "நாலு இருந்தாலும் பரவாயில்ல. மூணுக்குக் கொறஞ்சா ஃபாதர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

ஃபிடெல்மா லாஃப்டஸ் அண்ணன் வீட்டுச் சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணி. முன்னறையில் சவப்பெட்டி மூடியே இருந்தது. வந்தவர்கள் வரிசையாக நுழைந்து, பெட்டியை ஒரு விரலால் தொட்டு, இறந்தவனின் அம்மா நோரீனின் கையைக் குலுக்கி, "ஒனக்கு இப்படி ஆயிடுச்சேம்மா" என்று சொல்லிவிட்டு, நேராக ஹாம் சாண்ட்விச் இருக்கும் திசைக்கு வந்தார்கள். துக்கம் வேறு, பசி வேறு; அயர்லாந்தின் மேயோக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. அதிலும் இது இருபத்திரண்டு வருடத்துப் பழைய துக்கம். அண்ணன் மகன் ஃபின்டன் ஏரியில் காணாமல் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. இந்த வருடம் மே மாதத்திலிருந்து மழை பொய்த்து, ஏரி யாரும் பார்த்திராத அளவுக்கு உள்வாங்கியதில், மீன்பிடிக்க வந்த ஒருவன் கண்ணில் எலும்புகள் பட்டன. நோரீனின் வாயிலிருந்து எச்சில் எடுத்துப் பரிசோதித்து, அவன்தான் என்று சொல்லப் போலீசாருக்கு ஆறு வாரம் ஆனது.

அடக்கப் பூசையின் தொடக்கத்தில், இறந்தவரின் வாழ்க்கையைக் காட்டும் பொருட்களைக் கோவிலின் பின்பக்கத்திலிருந்து பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாடுபட்டவனுக்கு மண்வெட்டி, சீட்டாடியவனுக்குச் சீட்டுக்கட்டு. போன மாதம் மார்ட்டின் கிழவருக்கு டிவி ரிமோட்டைக் கொண்டுபோனார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அட்ராக்டாதான் பட்டியல் போடுபவள். ஊரில் எந்தச் சாவும் அவள் நோட்டில் ஏறாமல் மண்ணுக்குள் இறங்கியதில்லை.

"கால்பந்து ஜெர்சி இருக்கு. பள்ளிக்கூடத்துல வரஞ்ச படம் ஒண்ணு இருக்கு. மூணாவதுக்கு நீ எழுதின புத்தகம்," என்றாள் அவள். "ஏழாவது. அவன் வீடு திரும்பற புத்தகம். இன்னும் கடைக்குக்கூட வரலேல்ல? நீயே தூக்கிட்டு வா. ஊரே அழுதுடும்."

"அது அவனோட புத்தகம் இல்ல, அட்ராக்டா."

"அவனோடது இல்லாம? அவன வெச்சுத்தானே ஒனக்கு இவ்வளவு பேரும்?"

நறுக்கென்று குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

பேரும் புகழும் வந்தது உண்மை. ஏரிக்கடியில் ஒரு கதவு; அதற்குள் நுழைந்த ஓரன் என்ற பையன்; ஆறு புத்தகங்களாக அவன் கரையேறப் பார்க்கிறான், முடியவில்லை. முப்பது மொழிகளில் குழந்தைகள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். போகிற பள்ளிக்கூடங்களில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதை உங்களுக்கு எப்படித் தோன்றியது? "ஒரு மழைநாள், சும்மா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்பாள் ஃபிடெல்மா. இருபது வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று மழையே இல்லை. நல்ல வெயில். அவள் அப்போது பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பதினோரு பதிப்பகங்கள் அவள் கதைகளைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதே சமையலறை மேஜையில் ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஃபின்டன் வந்து நச்சரித்தான். புத்தகத்து ஓரன் கனவு காண்பவன். ஃபின்டனுக்குக் கனவெல்லாம் ஆகாது, எதைச் சொன்னாலும் "பொய். எங்க, காட்டு" என்பான். பத்து நிமிடம் அவன் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. சொன்னாள். அவன் போனான். அவள் அந்தப் பக்கத்தை முடித்தாள்.

இதை நோரீனிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் டப்ளினிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். நாளைக்கு மண் போட்ட பிறகு சொல்வதும் ஒன்று, சொல்லாததும் ஒன்று.

ஐந்து மணிக்கு முன்னறையில் ஜெபமாலை தொடங்கியது. அட்ராக்டாவின் குரல் மற்ற குரல்களை முந்திக்கொண்டு ஓடியது. நோரீன் அங்கிருந்து எழுந்து சமையலறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகும், அவன் செத்த பிறகும் அந்த 'டி' போகவில்லை.

"அவன் திரும்பி வர்றானாமேடி. அட்ராக்டா சொன்னா."

"வர்றான்."

"எப்படி?"

"விடியக்காலையில. கொல்லைப்பக்கமா. அம்மாக்காரி அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்கா."

"கால்ல என்ன போட்டிருக்கான்?"

"ஒண்ணுமில்ல. வெறுங்கால்."

வெண்ணெய்க் கத்தி நின்றுவிட்டது.  இதைவிட்டால் ஃபிடெல்மாவுக்கு வேறு நேரம் கிடைக்காது.

"நோரீன், அந்தக் கதவக் கதைக்காக நான் யோசிக்கல. அன்னிக்குக் காலையில அவன்கிட்டச் சொன்னேன். படகுத்துறைக்கு அந்தாண்ட தண்ணிக்கடியில ஒரு கதவு இருக்கு, வெயிலடிச்சாத்தான் தெரியும், போய்ப் பாருன்னேன். அவனத் தொரத்தறதுக்காகச் சொன்னேன். நான்தான் அனுப்பினேன்."

"தெரியும்," என்றாள் நோரீன்.

உள்ளே யாரோ இருமினார்கள். ஜெபமாலையில் ஒரு மணி உருண்டு, ஜெபம் மறுபடி ஓடியது.

"நேரா எங்கிட்டத்தான் வந்தான். கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தேன். 'அத்தை புளுகறா, போய்ப் பாத்துட்டு வந்து அவ மூஞ்சில கரியப் பூசறேன்'னான். சிரிச்சேன்டி. போகாதேன்னு சொல்லல. 'பூட்ஸப் போட்டுக்கிட்டுப் போ, காலை நனச்சுக்கிட்டு வந்தே, ஒதச்சுடுவேன்'னு சொன்னேன்."

நோரீன் வெண்ணெய்க் கத்தியை மறுபடி ஓட்டினாள்.

"முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு ரெண்டு அளவு பெருசா வாங்கினது. தண்ணி ரொம்பிடுச்சுன்னா அத யாராலயும் கழட்ட முடியாதுடி. ரெண்டும் அவன் பக்கத்துலயே இருந்துச்சுன்னு போலீஸ்காரி சொன்னா."

கன்னத்தில் அறை வாங்கவும், வீட்டைவிட்டு வெளியேற்றப்படவும் இருபத்திரண்டு வருடமாகத் தயாராக இருந்தவள் ஃபிடெல்மா. இதற்கு அவள் தயாராக இல்லை. அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே என்று தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரியாது. ஞாயித்துக்கிழமையானா படகை எடுத்துக்கிட்டுத் தேடப் போவான். சாகற வரைக்கும் போனான். நான் சாண்ட்விச் கட்டிக் குடுத்தேன்." நோரீன் அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தாள். "நீ எழுதினதையெல்லாம் படிச்சேன். புள்ள அங்க உசுரோட இருக்கான்னு நெனச்சா படிச்சேன்? ஊர் அப்படித்தான் சொல்லுது. பூட்ஸப் பத்தி எங்கயாவது எழுதியிருக்கியான்னு தேடித்தேடிப் படிச்சேன். ஆறு புத்தகத்துலயும் இல்ல."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பே." அவள் கத்தியை வைத்துவிட்டு, அடுப்புக்குப் பின்னாலிருந்த மர அலமாரியைத் திறந்து, போலீஸ் முத்திரை ஒட்டிய காகிதப் பை ஒன்றை மேஜைமேல் வைத்தாள். "நாளைக்குப் புத்தகம் வேண்டாம்."

மறுநாள் பதினொரு மணிக்குக் கோவில் நிரம்பி வழிந்தது. ஓரனைப் படித்து வளர்ந்த இளம் தாய்மார்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இளவயது ஃபாதர் அட்ராக்டா தட்டச்சு செய்து கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தார். ஜெர்சி போனது. படம் போனது.

"மூன்றாவதாக," என்றார் ஃபாதர் தாளிலிருந்து கண்ணெடுக்காமல், "நம் ஃபின்டனைச் சாகாமல் காத்த, உலகமெங்கும் குழந்தைகள் கொண்டாடும் அவன் அத்தையின் புத்தகம்."

கோவிலின் கடைசியிலிருந்து இரண்டு பெண்களும் நடந்து வந்தார்கள். இரண்டாம் வரிசையில் அட்ராக்டா பாதி எழுந்து, எழுந்தபடியே நின்றாள். ஃபாதர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். நோரீன் வலது பூட்ஸை மார்போடு அணைத்திருந்தாள். இடது பூட்ஸ் ஃபிடெல்மாவிடம் இருந்தது. சேறு காய்ந்து வெளுத்த பச்சை ரப்பர், உள்ளே ஒன்றுமில்லை. அதை அவள் இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, விளிம்புவரை நிறைந்ததைத் தளும்பாமல் கொண்டுபோகிறவளைப்போல, அடிமேல் அடிவைத்து வந்தாள்.