ஓடைக்கு ஒரு வருடக் கெடு

1.
இந்தக் கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அக்கா சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சு நிறப் பொருக்கு பிடித்த ஒரு கல்லை வைத்து, "இதுதான் நான் செஞ்ச தப்பு" என்றாள். அத்தான் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

2.
முதல் தொடக்கம்: 'ஓடை அழுதுகொண்டிருந்த...' (அடித்துவிட்டேன். ஓடை அழாது. அக்காதான் அழுதாள், அதுவும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.)

இரண்டாவது: நிலக்கரிக்குள் பைரைட் என்றொரு கனிமம் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, தங்கம் மாதிரி மின்னும். மண்ணுக்குள் கிடக்கும்வரை பரம சாது. சுரங்கம் வெட்டி, காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகக் கசியும். மூடிப்போன சுரங்கம் ஒன்றிலிருந்து முப்பது வருடமாக அப்படிக் கசிந்து, ஓடையில் ஒரு புழுகூட இல்லாமல்... (பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் இது தெரியாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3.
அந்த ஓடைத் தண்ணீரைச் சோதிப்பதுதான் அக்காவின் வேலை. அமிலத்தை முறிக்க ஓடை நெடுகச் சுண்ணாம்புக்கல் பரப்பச் சொன்னவள் அவள். லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியவர் அத்தான். நாலே மாதத்தில், தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகி, கல்மேல் தோலாகப் படிந்துவிட்டது. உள்ளே சுண்ணாம்பு அப்படியே இருந்தும் தண்ணீரைத் தொட வழியில்லை.

கல் விற்றவரை வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். அக்கா படித்துப் பார்த்தாள்.

"பாவம்டா அந்த மனுஷன். கல்லு நல்ல கல்லுதான். காத்து படுற எடத்துல போட்டேன் பாரு, அதான் தப்பு. வில்லன் வேணும்னா என்னைப் போட்டுக்கோ."

மூன்று பக்கமும் போயிற்று.

4.
சுற்றுச்சூழல் துறை இன்னும் ஒரு வருடம் கொடுத்தது. அதற்குள் ஓடையில் ஓர் உயிராவது தென்படாவிட்டால், தண்ணீரைக் குழாயில் அடைத்து மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். அக்கா இம்முறை சுரங்க வாயிலேயே பள்ளம் வெட்டி, காற்றுப் படாமல் கல்லைப் புதைத்தாள். தண்ணீர் அதற்குள் புகுந்து அமிலத்தைத் தொலைத்து, பக்கத்துக் குட்டையில் துருவை இறக்கி வைத்துவிட்டு ஓடைக்கு வரும்.

"மறுபடியும் லாரியா?" என்றார் அத்தான்.*

* முணுமுணுக்காமல் ஓட்டியதாக எழுதச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

5.
கெடுவின் கடைசி நாள். தண்ணீர்ப் பூச்சிகளின் புழுக்கள் கல்லின் அடியில்தான் ஒட்டியிருக்கும். அக்கா ஒவ்வொரு கல்லாகப் புரட்டினாள். பத்துக் கல் ஆயிற்று, ஒன்றுமில்லை.

"இன்னும் பாருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் துறையிலிருந்து வந்த ஆய்வாளர். (இவரையும் கெட்டவராக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை.)

பதினோராவது கல்மேல் அக்கா கை வைத்தாள். அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால், கதை எழுதியவன் இரக்கப்பட்டு வைத்த புழு என்பீர்கள். ஆகவே கல்லை உங்களிடமே விடுகிறேன், புரட்டிப் பாருங்கள். பயப்படாமல் தண்ணீருக்குள் கையை விடலாம். போன வருடம் முழங்கைவரை ரப்பர் உறை மாட்டாமல் அக்கா அதைத் தொட்டதில்லை. இன்று அவள் வெறுங்கையோடு நிற்கிறாள்.