கொய்யா பறித்த கை

பெரம்பலூரில் அந்த பிசியோதெரபி மையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சண்முகப்பிரியாவுக்கு ஒரே தலைவலிதான். நோயாளிகள் பயிற்சியைச் செய்யாமலே செய்துவிட்டதாகச் சொல்வார்கள். பக்கவாதம் வந்த கையை மேசைமேல் வைத்துத் திரும்பத் திரும்ப நகர்த்தச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நாலு தடவை நகர்த்திவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதில் முதல் ஆள் பூலாம்பாடி அய்யம்பெருமாள். சொந்த டிராக்டரில் வாடகைக்கு உழுது பிழைத்தவர். வலது கை மடியை விட்டு எழாது. மனைவி ஆண்டாயி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவாள். அவர் வாசலில் நின்று, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

மையத்தின் உரிமையாளருக்கு அரியலூரிலும் ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு விளையாட்டை வாங்கிப் போட்டார். டிவிக்கு மேலே கேமரா, திரையில் ஒரு கொய்யா மரம். நோயாளி கையைத் தூக்கினால் திரையில் உள்ள கையும் எழும்பும். பழத்தைத் தொட்டால் அது கூடையில் விழுந்து மணி அடிக்கும். ஓரத்தில் இரண்டு ஊர்க்காரர்களின் பெயரும், யார் எவ்வளவு பறித்தார்கள் என்பதும் வரிசையாக ஓடும்.

அய்யம்பெருமாள் முதல் நாள் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்றார். அடுத்த வாரம் கதவு திறக்குமுன்பே வந்து நின்றார். மடியில் கிடந்த கை வயிறு வரை வந்தது, பிறகு நெஞ்சு வரை வந்தது. எவ்வளவு கெஞ்சியும் நடக்காததை ஒரு கொய்யா மரம் நடத்திக் காட்டியதில் பிரியாவுக்கு வியப்புதான்.

ஒரு நாள் அரியலூர் அழகேசன் என்ற பெயர் அவருக்கு மேலே ஏறியது. முகம் தெரியாத அந்த ஆளைப் பற்றியே பஸ்ஸில் பேசிக்கொண்டு வருகிறார் என்று ஆண்டாயி சொன்னாள். அதற்கப்புறம் அய்யம்பெருமாள் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, தோளை உந்தித் தூக்கிப் பழம் பறிக்கத் தொடங்கினார். கேமராவுக்கு உள்ளங்கை எவ்வளவு உயரம் போகிறது என்பது மட்டும்தான் தெரியும், எப்படிப் போகிறது என்பது தெரியாது. பிரியா தோளை அமுக்கிப் பிடித்தபோது பழம் பாதியாகக் குறைந்தது.

"வுடும்மா, அவன் முந்திருவான்" என்றார்.

அவள் விட்டுவிட்டாள். முதலிடத்தில் இருந்த அவருடைய படத்தை உரிமையாளர் அப்போதுதான் எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தார். கூட்டமும் பெருகியிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை ஆண்டாயி தனியாக வந்தாள். அவருக்குத் தோள் வீங்கிவிட்டது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றாள். கோபமாகப் பேசவில்லை.

"ஆட்டத்துல ஃபர்ஸ்ட்டு வராருன்னு சொல்றாங்க. வூட்டுல இன்னமும் நான்தாங்க சோறு ஊட்டுறேன்."

வீட்டில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பிரியா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அரியலூர் கிளையில் இருந்த கலையரசி அவளோடு படித்தவள். போன் செய்தபோது, அழகேசனும் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார் என்றாள். ஆனால் பெயர் வரிசையை எடுத்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று தயங்கினாள். உரிமையாளரும் அதையேதான் சொன்னார். பிரியா வாதாடி, பெரம்பலூரில் மட்டும் அதை நிறுத்த வைத்தாள்.

அவர்கள் சொன்னது தப்பில்லை. பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் திரும்பவே இல்லை. அவர்கள் கை என்ன ஆயிற்று என்று பிரியாவுக்குத் தெரியாது.

வீக்கம் வடிந்து வந்த அய்யம்பெருமாள் திரையைப் பார்த்தார். மரம் இருந்தது, பெயர்கள் இல்லை. எழுந்து போகத் தயாரானார். பிரியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தக் கையால என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்கய்யா?"

ஆண்டாயி டீ வாங்க வெளியே போகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"வேட்டி கட்டணும். இந்த வயசுல அவ கட்டி வுடுறா."

அதன்பிறகு வேட்டியை வைத்தே பயிற்சி நடந்தது. ஓரத்தைப் பிடிப்பது, இடுப்புக்கு இழுப்பது, செருகுவது. மணியும் இல்லை, கூடையும் இல்லை. பலநாள் எரிச்சலில் துணியைத் தரையில் போட்டார். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கொய்யா மரமும் உண்டு. உடம்பு சாயாதபடி மார்பை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டிய பிறகுதான். அப்போதும் அவர் பழங்களை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பிரியா தடுக்கவில்லை.

தை மாதம் வாலிகண்டபுரத்தில் உறவினர் கல்யாணம். அய்யம்பெருமாள் தானே வேட்டி கட்டிக்கொண்டு போனார். முக்கால் வேலையை இடது கை செய்தது, வலது கை ஓரத்தை இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டது. பந்தியில் எழுந்தபோது அவிழப் பார்த்ததாகவும், யாரையும் கூப்பிடாமல் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய்த் திரும்பக் கட்டிக்கொண்டு வந்ததாகவும் ஆண்டாயி பிரியாவிடம் சொன்னாள். வெகுநேரம் ஆயிற்றாம். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து காத்திருந்தாளாம்.