டும் இல்லாத பாட்டு

ஸ்பீக்கரிலிருந்து ‘டிக்’ என்று வந்ததும், அடுத்து வரவேண்டிய ‘டும்’முக்காகச் சின்னவள் காத்திருந்தாள். மறுபடி டிக்தான் வந்தது. அப்புறம் இன்னொரு டிக். ஆரம்பத்தில் மாமா நாலு தட்டு தட்டிவிட்டுத் தொடங்கியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எட்டாவது டிக்கில் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அஞ்சலிக் கூடம் நிரம்பியிருந்தது. நடுவில் பெட்டிக்குள் மாமா, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் பாட்டை இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது தெரியாமல் படுத்திருந்தார்.

ஊருக்கெல்லாம் அவர் ஃப்ரிட்ஜ் மாமா. அவர் கை வைத்த ஃப்ரிட்ஜ் எதுவும் அப்புறம் சத்தம் போடாது. அந்தச் சத்தத்தையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து இவர் போடுகிறார் என்பது அத்தையின் புகார். வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேசையில் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் கொண்ட சின்ன கீபோர்டு. ஒரு கட்டையை அழுத்தினால் பெரிய டிரம்மின் டும். பக்கத்துக் கட்டையில் டக். கொஞ்சம் தள்ளி, தாளத்தட்டின் டிக். முதலில் டும்மை மட்டும் கடைசிவரை வாசித்துப் பதிவு செய்வார். அதைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் டக். அதற்கும் மேலே டிக். மாடி மேல் மாடி கட்டுகிற மாதிரி.

“நான் போனா ஒருத்தரும் பேசக் கூடாது. என் டிரம்ஸைப் போடுங்க, அது போதும்” என்று இதய மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் சொல்வார். இருக்கும்போது பாட்டைக் கேட்க யாரைக் கூப்பிட்டாலும், அப்புறம் கேட்கிறேன் என்றுதான் சொன்னார்கள். இன்றைக்குத்தான் அந்த அப்புறம்.

பாட்டைக் கொண்டுவரும் பொறுப்பு மாமாவின் அக்காள் மகளான சின்னவளிடம் வந்தது. குடும்பத்தில் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பவள் அவள்தான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்பி வருவாள். நேற்று மாமாவின் அறைக்குள் போனபோது, திரை அவர் விட்டுப்போனபடியே இருந்தது. டும்முக்கு, டக்குக்கு, டிக்குக்கு என்று மூன்று வரிகள். டிக்கின் வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன பட்டன் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடப் போகிறோம் என்ற பயத்தில், அதை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டைப் பென்டிரைவில் ஏற்றினாள். பெயரைப் பார்த்தாள். நீளத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெயரைப் பார்த்தாள். கேட்க மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

அந்த மஞ்சள் பட்டன் எதற்கு என்று இப்போது விளங்கியது. ஒரு வரியை மட்டும் தனியாகக் கேட்பதற்கு. மற்ற வரிகளை வாய்மூட வைப்பதற்கு. கடைசியாக உட்கார்ந்தபோது மாமா டிக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டிக், டிக், டிக்.

பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார். யாரும் பேசக் கூடாது என்ற ஏற்பாட்டால் அதிகம் பாதிக்கப்பட்டவர் அவர்தான்.

“கவனிச்சீங்களா? கடிகாரம்! காலம்யா, காலம்! ஒரு மனுஷனோட வாழ்க்கைய இதைவிடச் சுருக்கமா யாராவது சொல்ல முடியுமா?” என்று தழுதழுத்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். “நம்ம ஃப்ரிட்ஜைப் பாக்க வந்தப்பகூட, ஒண்ணும் பேசாம அதையே பாத்துக்கிட்டு நின்னாருங்க. இதைத்தான் யோசிச்சிருக்காரு.”

“கேஸ் தீந்துபோச்சுன்னு யோசிச்சிருப்பாரு” என்றார் அவள் புருஷன், அடங்கிய குரலில்.

சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சும்மா இருந்தால் மாமா ஞானி. எழுந்து உண்மையைச் சொன்னால் அவள் முட்டாள். சும்மா இருப்பதே எல்லோருக்கும் நல்லது, மாமாவைத் தவிர. அவர் ஞானியாக ஆசைப்பட்டவரே இல்லை. டும்முக்காக விரல் நுனி காய்த்துப்போனவர். பாட்டோ மூன்றரை நிமிடம்தான். அதில் ஒரு நிமிடம் போய்விட்டது.

குனிந்தபடியே முன்வரிசைக்குப் போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தை, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“டும் எங்கடி?” என்றாள் அத்தை.

சின்னவள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

“டக்கும் காணோம். பாதிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?”

“ஒரு பட்டன் அத்தை... நான் கவனிக்காம...”

“நீதான் எதையும் மூணு தடவ பாப்பியே!”

“பாத்தேன் அத்தை. கேக்கல.” கொஞ்சம் பொறுத்து, “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்கதான் காதுல பஞ்சு வெச்சுக்குவீங்களே!” என்றாள்.

“பஞ்சுக்கு டிக்குதான் அடங்கும். டும் அடங்குமா? சுவத்துல ஏறி, கட்டில் வழியா வரும். இந்த டிக்கை நான் இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

அத்தை பெட்டியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

“காலம் என்பது என்ன?” என்று ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

“சார், கொஞ்சம் உக்காருங்க. அவரு இன்னும் முடிக்கல” என்றாள் அத்தை.

மரத்தளத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். டும். இரண்டு டிக் விட்டு, டும் டும். கூடம் திடுக்கிட்டு நிமிர்ந்தது.

“டக்கு உன்னுது. நாற்காலிக் கைய தட்டு. நான் மோவாய ஆட்டுவேன், அப்ப.”

சின்னவள் தட்டினாள்.

“சீக்கிரம்டி.”

மறுபடி தட்டினாள்.

“இப்ப லேட்டு. உங்க வம்சத்துக்கே இது ஒரு வியாதி.”

கழுத்தெல்லாம் சூடேறச் சின்னவள் தட்டிக்கொண்டே போனாள். அறுபது பேர் பார்க்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது. மூன்று தடவை சரிபார்க்கவெல்லாம் நேரம் இல்லை. ஒரு டக் போவதற்குள் அடுத்த டக் வந்துவிடுகிறது. ஓரிடத்தில் அத்தையின் கால் அந்தரத்திலேயே நின்றது.

“என்ன அத்தை?”

“இந்த இடத்துல அவருக்கு மூக்குக் கண்ணாடி நழுவும். ஏத்திவிட்டுட்டுத்தான் அடிப்பாரு.”

காத்திருந்தாள். பிறகு மிதித்தாள்.

ஸ்பீக்கர் ஓய்ந்தது. அத்தையின் கால் ஓயவில்லை. சின்னவளும் நிறுத்தவில்லை.

கூடத்து மேலாளர் கதவைத் திறந்து கைக்கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார். அவருக்குப் பின்னால் அடுத்த அஞ்சலிக்கான குடும்பத்தார் வந்து நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் ஒரு மூதாட்டியின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். படச் சட்டத்தின் விளிம்பில் அவருடைய ஆள்காட்டி விரல், சின்னவள் தவறவிட்ட டக்குகளின் இடத்தில், மெல்ல விழுந்து எழுந்துகொண்டிருந்தது.