எட்டுக்கு மேல்

பழம் நழுவிப் பாலில் விழுவது என்பார்கள். என் விஷயத்தில் அது பெட்டிக்குள் படுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு அக்கா என் பட்டறைக்குள் மூச்சு வாங்க நுழைந்து, தோளில் தொங்கிய கறுப்புப் பெட்டியை மேஜைமேல் இறக்கியபோதே உள்ளே இருப்பது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு வருஷம் நான் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார். கடந்த ஆறு வருஷமாக அக்கா வீட்டுக்காரர், என் அத்தானின் தோளில் தொங்குவது.

"சத்தம் சரியா வரலடி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேடை. பெரிய மைதானம், டிவிக்காரங்க வேற வராங்க. கடைசிப் பாட்டுல முழுச் சத்தம் வேணும்னு குதிக்கிறாரு."

"அத்தானா என்கிட்ட அனுப்பினாரு?"

"வேற கடைக்குத்தான் போகச் சொன்னாரு. அங்க ரெண்டு நாள் ஆகும்னுட்டாங்க. இங்க வந்தது அவருக்குத் தெரியாது."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து, பெட்டியின் வார் அழுத்திய தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஒரு காலத்தில் அத்தானின் இசைக்குழுவில் அவளும் பாடினாள். இப்போது குழுவின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள், பெட்டி தூக்குகிறாள். கேட்டால், குரல் போய்விட்டது என்பாள். போன குரல் எங்கே போனது என்று நான் கேட்டதில்லை. என் கவலையே எனக்கு ஆயிரம் இருந்தது.

என் கவலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அத்தானின் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஒத்திகையில் யாரும் சத்தத்தை முழுதாக வைக்கக் கூடாது. முழுச் சத்தம் மேடைக்கு மட்டும், அதுவும் கடைசிப் பாட்டுக்கு மட்டும். "சமையக்கட்டுலயே வயித்த ரொப்பிக்கிட்டா பந்தியில எதைத் திம்பீங்க?" என்பார். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் அந்தக் கடைசிப் பாட்டு வந்தது. நான் போட்ட மெட்டு. நடுவில் ஒரு நிமிஷம் எனக்கே எனக்கு. முன்னால் நடந்து வந்து, வால்யூம் திருகைக் கடைசிவரை திருகி, கம்பியை இழுத்தேன். சத்தம் செத்துப்போனது. இரண்டாயிரம் பேர் முன்னால் என் விரல்கள் மட்டும் ஊமைப் படம் காட்டின. அத்தான் மைக்கைப் பிடித்து, "பாப்பாவுக்குப் பால் குடிக்கிற நேரம் வந்துடுச்சு போல" என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. மறுநாள், கருவியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்குக் குழுவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். கிட்டார் அவர் வாங்கியது. அவரே வைத்துக்கொண்டார்.

ஆனால் அன்று மேடை ஏறும் முன்பே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். பின்பக்க மூடியில் ஒரு திருகாணியின் தலையில் முந்தின நாள் இல்லாத புதுக் கீறல் பளபளத்தது. நான் கிளம்பிய பிறகு யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அத்தான்தான். மேடையில் சத்தம் செத்ததும், உள்ளே எதையோ அறுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். எதை அறுத்திருப்பார் என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பழுதுபார்க்கும் வேலையைக் கற்றேன் என்றால் சிரிப்பீர்கள். வஞ்சத்தில் தொடங்கிய பட்டறை இது. இப்போது பிழைப்பும் இதுதான்.

பெட்டியைத் திறக்கும்போதே என் கைக்கு அரிப்பு எடுத்தது. ஒரு கிட்டாரை மேடையில் கவிழ்க்க எனக்கு இருபது வழி தெரியும். வயரைப் பற்றவைத்த ஈயம் பிடித்தது போலத் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. அவர் ஒரு குதி குதித்தால் போதும், வயர் கழன்றுவிடும். கம்பி அதிர்வைச் சத்தமாக்கும் பிக்கப் ஒன்றின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால், இன்னொன்றோடு சேரும்போது சத்தம் கொசு ரீங்காரமாக இளைத்துவிடும். எது அவருக்குப் பொருத்தம் என்று துணிக்கடையில் நிற்பவளைப் போல யோசித்தேன். அதற்கு முதலில் இப்போது என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும்.

மேஜையடியில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். உர்ர் என்றது. கம்பியைத் தொட்டதும் உர்ர் அடங்கியது; எர்த் சரியாக இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் மூன்று பிக்கப்பையும் தட்டினேன். மூன்றும் டொக், டொக் என்று பதில் சொல்லின. பிக்கப் மாற்றும் சுவிட்சை மேலும் கீழும் தள்ளினேன். பழுதில்லை. பிறகு வால்யூம் திருகு. எண்கள் போட்ட குமிழ். எட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. நான் வைத்ததில்லை. எட்டு வரை சத்தம் நன்றாக ஏறியது. எட்டைத் தாண்டியதும் செத்தது. அதே சாவு.

பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே குழி முழுக்க வெள்ளித்தாள்.

அந்தத் தாளை ஒட்டியவள் நான்தான். அந்த விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, இரைச்சல் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நானும் அக்காவும் சாக்லேட்டாகத் தின்று தீர்த்து, சுற்றியிருந்த தாளையெல்லாம் சேர்த்து ஒட்டியது. எர்த் வயரையும் அதில் கொடுத்திருந்தேன். குமிழுக்கு அடியில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலின் நட்டு தளர்ந்திருந்தது. குமிழை எட்டுக்கு மேல் திருகினால் கண்ட்ரோலும் கூடவே கொஞ்சம் சுற்றி, அதன் உலோகக் கால் தாளில் போய் இடித்தது. இடித்ததும் சத்தம் முழுக்க எர்த்துக்குள் இறங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்க வேண்டும். நான் ஒட்டவில்லை. ஒத்திகையில் முழுச் சத்தம் வைக்கக் கூடாது என்ற சட்டத்தால் என் தப்பு எனக்கே தெரியாமல் மேடை வரை வந்திருக்கிறது. ஒரு வயரும் அறுபடவில்லை. நான் போட்ட ஈயம் எல்லாம் அப்படியே இருந்தது.

வெட்கமாக இருந்தது. ஆறு வருஷம் ஒரு மனுஷனை மனசுக்குள் தினம் ஒரு முறை வெட்டிப் போட்டிருக்கிறேன். கையில் இருந்த கத்தி இப்போது யாரைப் பார்த்து நிற்கிறது? டேப்பில் ஒரு துண்டு வெட்டி மேஜை விளிம்பில் ஒட்டி வைத்தேன். நட்டை இறுக்க ஸ்பேனரைத் தேடினேன்.

"பெரிய கோளாறாடி?"

"ஒரு துண்டு டேப், நட்டுக்கு ஒரு இறுக்கு. அஞ்சு நிமிஷம். என் தப்புதான்க்கா. அத்தான்தான் ஏதோ பண்ணிட்டாருன்னு இத்தனை நாள் கறுவிக்கிட்டிருந்தேன். பாவம் அவரு."

அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் அதே சிவப்பு, பாதி உதிர்ந்து.

"பாவம்னு சொல்லாத."

"ஏன்?"

"அவருக்குத் தெரியும். நீ தாள் ஒட்டினது அவருக்குப் பொறுக்கல. முந்தின நாள் நீ கிளம்பினதும் திறந்து பாத்தாரு. முழுசா வச்சுப் பாத்தாரு. செத்துப்போச்சு. மறுபடி வச்சாரு, மறுபடி செத்துச்சு. ஏன்னு அவருக்குப் புரியல. ஆனா எட்டுக்கு மேல போகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

ஆம்ப்ளிஃபயர் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. நான் அதை அணைத்தேன்.

"அவகிட்ட சொல்லிடுங்கன்னேன். 'விழுந்தாத்தான் புத்தி வரும், மெட்டு போடறாளாம் மெட்டு'ன்னாரு. உனக்குச் சொல்லலாம்னு ஃபோனை எடுத்தேன்."

"எடுத்து?"

"வச்சுட்டேன்." நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "அந்தப் பொட்டு என் நகப்பூச்சுதான். கிட்டார் அவர் கைக்குப் போனதும், எட்டைத் தாண்டாம இருக்க அடையாளம் வைக்கணும்னு கேட்டாரு. குடுத்தேன்" என்றாள்.

அத்தான்மேல் வந்த கோபம் பழகிய கோபம். வீட்டுக்குத் திரும்பும் நாய் போல வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டது. அக்காமேல் வந்ததுதான் புதிது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னோடு சாக்லேட் தின்றவள். அன்று மேடைக்குக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் திருகில் கை வைத்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் முகம் புதைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

நட்டை முக்கால்வாசி இறுக்கினேன். குமிழைத் திருகிப் பார்த்தேன். எட்டு வரை கண்ட்ரோல் அசையவில்லை. எட்டைத் தாண்டியதும் மெல்லச் சுற்றி, கால் தாளைத் தொட்டது. நின்றேன். அதற்கு மேல் இறுக்கவில்லை. ஒரு வயரையும் தொடவில்லை, எதையும் அறுக்கவில்லை. இருபது வழியும் தேவைப்படவில்லை. அவர் எனக்குச் செய்ததை அப்படியே அவருக்குச் செய்கிறேன்; அதாவது, ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன். மூடியை வைத்தேன். ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றையும் நிதானமாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அக்காவுக்கு வாய் திறக்க நேரம் இருந்தது.

அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு மேஜை விளிம்பைப் பார்த்தாள். வெட்டிய டேப் துண்டு ஒட்டிய இடத்திலேயே இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தாள். ஆறாவது திருகாணி இறங்கி நின்றது.

"எட்டு வரைக்கும் நல்லாக் கேக்கும்க்கா," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

"பஞ்சு இருக்கா?"

புரியாமல் எடுத்துக் கொடுத்தேன். தின்னர் பாட்டிலை அவளே எட்டி எடுத்தாள். பஞ்சை நனைத்து, குமிழைச் சுற்றிலும் துடைத்தாள். சிவப்பு கரைந்து வந்தது. எண்ணின் மூலையில் ஒரு புள்ளி மிச்சம் இருந்தது; அதை நகத்தால் சுரண்டினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிட்டாரைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, இரண்டு தாழ்ப்பாளையும் ஒரே சமயத்தில் அழுத்தினாள்.

பெட்டியைத் தூக்க நான் எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டி, அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். நாலு படி இறங்கியவள் நின்றாள். திரும்பவில்லை.

"சரியாயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடறேன். முன்வரிசையில ரெண்டு சீட் இருக்கு," என்றாள். "அஞ்சரைக்கு வந்துடு."

அவள் காலடிச் சத்தம் தெருவரை கேட்டது. மின்விசிறிக் காற்றில், ஒரு ஓரம் மட்டும் மேஜையில் ஒட்டியிருந்த டேப் துண்டு எழும்பி எழும்பி அடங்கியது. பக்கத்தில் சிவப்புப் பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.