நோன்பு மாசத்துக் கலவை

டீத்தூள் மண்டியில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் மேஜை மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தூள் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி வைத்தாள் ஹுசைனா. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டு போனாள். ஊட்டி இலைத்தூள் பச்சைப் பூ மாதிரி மணந்தது. அசாம் குருணை, முளைகட்டின கேழ்வரகை வறுத்த மாதிரி. கூடலூர் டஸ்ட், பொடித்தூள், அதில் வாசனை கம்மி, ஆனால் எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். கடைசிக் கிண்ணத்தில் முறுக்கிக் காயவைத்த பெரிய இலை. அது தண்ணீரில் மெதுவாகப் பிரிந்து, பறித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி விரிந்து கிடந்தது. திருத்தணியில் அதை வாங்குகிற கடை ஒன்றும் இல்லை.

மற்ற மாசங்களில் ஒரு கரண்டி எடுத்து சர்ரென்று உறிஞ்சுவாள். நாக்கு முழுக்க ஓட விட்டு, காலடியில் இருக்கிற டப்பாவில் துப்புவாள். இது ரம்ஜான் மாசம். அதனால் கரண்டி ஸ்ரீதர் கையில் இருந்தது. அவன் மண்டி முதலாளி ஜெகநாதனின் அக்கா பிள்ளை.

"எப்படிக்கீது?" என்று கேட்டாள்.

"டீ மாதிரி கீதுக்கா."

"நாலும் ஒரே மாதிரியா?"

"நாலும் சக்கரை இல்லாத டீ மாதிரி கீது."

மூட்டை தைக்கிற பெண்கள் சிரித்தார்கள். ஹுசைனாவும் சிரித்தாள்.

டீக்கடைக்காரர்கள் கேட்பது கலவைத் தூள். அசாம் நிறத்துக்கு, ஊட்டி வாசனைக்கு, கூடலூர் பாலுக்கு. அளவு ஹுசைனா சொல்வது. கலந்து குவித்த பிறகு குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, அதையும் போட்டுக் குடித்துப் பார்ப்பாள். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மூட்டையைத் தைப்பார்கள். போன வருசம் வரை நோன்பு மாசத்தில் அந்த வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மண்டியிலேயே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்துவிட்டு, அப்புறம் குடித்துப் பார்த்து அனுப்புவாள்.

இந்த வருசம் முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார். "எதுக்கும்மா கஷ்டம்? அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பு. வீட்ல புள்ளைங்களோட ஒக்காந்து கஞ்சி குடி. கலவைய ஸ்ரீதர் பாத்துப்பான்." நோன்பு திறந்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று அவள் சொன்னதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டில் போய்ச் சொன்னபோது புருஷன் சமியுல்லாவுக்கே ஆச்சரியம். அரக்கோணத்தில் அவன் வேலை செய்கிற லாரி ஷெட்டில் நோன்புக்காரனுக்கு அரை மணி நேரம் கூட முன்னாடி விடுவதில்லை. "நல்ல மனுசன்" என்றான். அவளும் தொழுகை முடிந்து கேட்கிற துஆவில் ஜெகநாதனை ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கிருத்திகை. தெருவில் காவடிக்காரர்களின் அரோகரா சத்தம் விடாமல் கேட்டது. கிண்ணங்களைக் கழுவலாம் என்று எடுத்தபோது வாசலில் ரத்தினம்மாள் வந்து நின்றாள். மலைப்படி அடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவள். மூச்சு வாங்கியது.

"இன்னாடி தூள் குடுத்த நீ?"

"இன்னாக்கா ஆச்சு?"

"இன்னாக்காவா? கிருத்திகை அன்னிக்கு ஆபீசருங்க வந்து என் அடுப்ப அணைச்சிட்டாங்கடி. டீத்தூள்ல சாயம்னு சொல்லி, அவ்ளோ ஜனம் பாக்க, டிகாஷன சாக்கடையில ஊத்துறாங்க. மொட்டை போட்டுக்கினு வந்தவன் கேக்கறான், ஏம்மா, சாமி கும்பிட வந்தவனுக்கு வெசம் வைக்கறியான்னு. எனுக்கு உசிரே இல்ல."

"நம்ம தூள்லயா?"

"வேற எவன் தூளு? நீ தானே மூட்டைய தெறந்து மோந்து பாத்த? நல்லாக்குதுக்கா, எடுத்துக்கினு போன்னு சொன்ன வாய் தானே இது?"

சொன்னது நிஜம். மூட்டை வாயைப் பிரித்தாள், மோந்தாள், சொன்னாள். மேலே இருந்தது நல்ல தூள்.

ரத்தினம்மாளுக்குப் பின்னால் உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தார். கூட வந்த ஆள் கையில் அரக்கு சீல் வைத்த பொட்டலம். ஜெகநாதன் கல்லாவை விட்டு எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்.

"தூள பாஸ் பண்றது யாருய்யா இங்க?" என்றார் ஆபீசர்.

ஜெகநாதன் யோசிக்கவே இல்லை. "இந்தம்மா தான் சார். ரொம்ப வருசமா இவங்க நாக்கு தான் மண்டிக்கே ஆதாரம். இப்ப நோன்பு மாசம் பாருங்க, வாயில வைக்க மாட்டாங்க. மோந்து பாத்தே அனுப்பிட்டாங்க. நான் என்னா சார் சொல்ல முடியும்? மத விசயம். வாயத் தெறந்தா வேற மாதிரி ஆயிடும்."

ஹுசைனாவுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் போல நின்றாள்.

"மொதலாளி, நோன்பு தெறந்துட்டு வந்து பாக்கறேன்னு சொன்னேனே. நீங்க தானே வேணாம்னீங்க?"

"வீட்டுக்குப் போயி கஞ்சி குடின்னு சொன்னேன். நல்லது சொன்னது தப்பாம்மா?"

"நான் போன பெறகு கலந்தது யாரு?"

"ஸ்ரீதர் தான் கலந்தான். நீ சொன்ன அளவு தான் கலந்தான். இன்னாடா?"

ஸ்ரீதர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆங்" என்றான்.

ஹுசைனா உள்ளே போனாள். தைத்து வைத்திருந்த மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். மூடுவதற்குள் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் மூடி வைத்துக் காத்திருந்தாள். மூட்டை தைக்கிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் கரண்டியை எடுத்ததும் ரத்தினம்மாள் கிட்டே வந்து கையைப் பிடித்தாள். "ஏ, வேணாம்டி. நோன்பு இருக்கற."

ஹுசைனா கையை உதறிக்கொண்டாள். வழக்கம்போல சர்ரென்று உறிஞ்சினாள். துப்பினாள். கோபத்தில் வேகமாக இழுத்துவிட்டதில் கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கிப் போனது. அது அவளுக்குத் தெரிந்தது.

"புளியங்கொட்ட தோலு" என்றாள். "கடைங்கள்ல கொதிக்கவெச்சி கொட்டுன சக்கைய வாங்கியாந்து, காயவெச்சி, சாயம் ஏத்தி கலந்துகீறாங்க. ஊட்டி இலை இதுல ஒரு துளி இல்ல. நான் சொன்ன அளவா இது? இதுவா நான் சொன்னேன்?"

ஜெகநாதன் ஆபீசர் பக்கம் திரும்பி மெதுவாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா சார்? ஒரு வாய் தான். டக்குனு சொல்லிட்டாங்க. இத அன்னிக்கே பண்ணிருந்தா பாவம் இந்தம்மா அடுப்பு அணைஞ்சிருக்குமா?"

ஆபீசர் தலையை ஆட்டினார். நியாயமான பேச்சு கேட்டவர் போல ஆட்டினார்.

"என் நோன்ப வெச்சி யாவாரம் பண்ணிட்டீங்களே!" ஹுசைனா கத்தினாள். "உங்க வீட்டம்மாவும் இன்னிக்கு கிருத்திகை வெரதம் தானே? அவங்க பட்டினிய இப்படி வித்துருப்பீங்களா?"

"எங்க வீட்டுப் பேச்சு பேசாத. மரியாத கெட்டுடும்." சிரிப்பு போய்விட்டது. "நாளையிலேர்ந்து வராத. போ."

ஆபீசர் ரத்தினம்மாளைக் கேட்டார். "இந்தம்மா நல்லாருக்குன்னு சொன்னதால வாங்கினேன்னு சொல்றியா? அப்ப உன் மேல தப்பில்ல. சாயங்காலம் கடைய தெறந்துக்கலாம். அதானே நடந்தது?"

ரத்தினம்மாள் தரையைப் பார்த்தாள்.

"அதான் சார் நடந்தது."

"ஸ்ரீதரு, இவங்களுக்கு ஒரு மூட்ட நம்ம செலவுல குடுத்து அனுப்பு" என்றார் ஜெகநாதன். "சாருக்கு அந்தப் பெரிய இலையில ஒரு டீ போடு. பால் வேணாம், அது வெறுமன குடிக்கறது."

ஹுசைனா துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பக்தர்களுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். துப்பின தண்ணீர் சிவப்பாக வந்தது. மறுபடி கொப்பளித்தாள். மறுபடி சிவப்பாக வந்தது. காவடி எடுத்து வந்த ஒருத்தன் அதைப் பார்த்து, "வெத்தலைய வேற எங்கனா போயி துப்பும்மா, குடிக்கிற தண்ணி" என்று அதட்டிவிட்டுப் போனான்.

பின்னாலேயே ரத்தினம்மாள் வந்தாள். விரதத்துக்குக் கட்டின மஞ்சள் புடவை. இடுப்பில் சின்ன மூட்டை.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே ஹுசைனா."

"இல்லக்கா. பொய் சொல்லல."

"கடைய தொறக்கலன்னா நான் என்னா பண்றது?"

ஹுசைனா குழாயை மூடினாள். ரத்தினம்மாள் மூட்டை வாயைப் பிரித்தாள். அடியில் கைவிட்டு, ஒரு பிடி எடுத்து நீட்டினாள். "இது எப்படிக்கீது, பாத்துச் சொல்லு."

"என்னாண்ட காட்டாதீங்க."

"வேற யாராண்டடி காட்டுவேன்?"

ஹுசைனா குழாயடியில் நனைந்த கையை அந்த உள்ளங்கை மேல் உதறினாள். வெறும் பச்சைத் தண்ணீர், நல்ல தூள் அதில் நிறம் விடாது. தூள் மேல் விழுந்த இடமெல்லாம் சிவந்தது. விரல் சந்து வழியாக ஒழுகி, வளையலைத் தாண்டி, முழங்கை வரை கோடாக இறங்கியது. ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அத போடாதீங்கக்கா."

"எத போடட்டும்? சொல்லு, எத போடட்டும்?"

ரத்தினம்மாள் கையில் இருந்ததைத் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். மூட்டையைக் கட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மலையிலிருந்து இறங்குகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். மஞ்சள் புடவையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.