கோட்டை விட்ட பிளேடு

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் வந்ததும் வராததுமாக ஒரு துணிப்பையைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாள். பன்னிரண்டு மரத்துண்டுகள் விழுந்தன. ஐந்தே நிமிஷத்தில் அவற்றைக் கோர்த்து ஒரு திமிங்கலமாக்கிவிட்டு, "தாடி செஞ்சு குடுத்தாரு" என்றாள். தாடி என்பது அவள் அம்மாவின் இரண்டாவது கணவர். மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறார். நானும் அவள் அம்மாவும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வீட்டுக்கு அவர் வந்து ஒரு வருஷம். ஞாயிறு காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அவள் எனக்கு. மற்ற நாளெல்லாம் அவர்களுக்கு. ஏழு வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கு எப்போதோ பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

அவள் கை கழுவப் போன நேரத்தில் வால் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். மயிரிழை விரிசலைத் தேடித் தேடி இருபது வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அந்தத் துண்டில் ஒரு குறைகூட அகப்படவில்லை. வளைவு எங்கேயும் தடுமாறவில்லை. விளிம்பு அவள் விரல் மாதிரி வழவழவென்று இருந்தது. வயிற்றெரிச்சல் என்று பேர் வைத்தவன் அனுபவஸ்தனாகத்தான் இருக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் எரிந்தது. எந்தப் படத்திலும் விழாத வியாதி.

அதுவரை எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். என்னை அவள் 'நீ' என்பாள். அவரை 'நீங்க', 'அவரு'. அந்த மரியாதையை நான் ஒரு மதில் சுவராக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அன்றைக்கு மத்தியானம் என் போனை வாங்கி அவரிடம் பேசினாள். "தாடி, என் சிவப்பு பென்சில நீ எங்க வெச்ச?" என்றாள். அவ்வளவுதான். ஒரே ஒரு 'நீ'. அவளுக்கு அது காதில்கூட விழுந்திருக்காது. எனக்கு அன்று சாயங்காலம் வரை வேறு எதுவும் காதில் விழவில்லை.

அந்த வாரமே ஒரு பழைய ஸ்க்ரோல் சா மெஷினை வாங்கிவந்துவிட்டேன். தையல் மெஷின் மாதிரிதான். ஊசி இருக்கும் இடத்தில் ஊசி கனத்தில் ஒரு ரம்பப் பிளேடு நின்று மேலும் கீழும் ஓடும். பலகையை அதன் முன்னால் நகர்த்தி நகர்த்தி எந்த வளைவையும் வெட்டலாம் என்றார்கள். பின்னறையில் துணி காயப்போடும் கொடியைக் கழற்றிவிட்டு அதை நிறுத்தினேன். குதிரை செய்வதாகத் திட்டம். இருபது துண்டு. அவர் பன்னிரண்டு என்றால் நான் இருபது.

முதல் நாள் பலகை மெஷின்மேல் குதித்துக் குதித்து ஆடியது. குதிரை உயிரோடு வந்துவிட்டதோ என்று பயந்தேன். பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று தெரிய ஒரு மணி நேரம் ஆனது. பல் கீழே பார்த்திருக்க வேண்டுமாம். திருப்பி மாட்டினேன். குதிப்பது நின்றது, உடைவது ஆரம்பித்தது. இரண்டு நாளில் ஒன்பது பிளேடு. மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மெஷினுக்கு டென்ஷன் கம்மியா இருக்கு சார், உங்களுக்கு ஜாஸ்தியா இருக்கு. ரெண்டையும் மாத்திப் பாருங்க. பிளேட விரலால சுண்டினா டிங்னு கேக்கணும். அப்புறம், அத முட்டித் தள்ளாதீங்க. அது சாப்பிடற வேகத்துலதான் ஊட்டணும்."

பிளேடை இறுக்கிச் சுண்டினேன், டிங் என்றது. மெதுவாக ஊட்டினேன், உடையவில்லை. ஆனால் புதிதாக ஒரு தொல்லை. நான் பென்சிலில் போட்ட கோட்டில் பிளேடு போகவே மாட்டேன் என்றது. நேராகத்தான் தள்ளுகிறேன், அது வலப்பக்கமாக ஓடுகிறது. இழுத்துப் பிடித்தால் மரம் கருகி வாடை வருகிறது. இன்னும் இழுத்தால் பட்டென்று உடைகிறது. என் குதிரைக்கு ஒரு கால் குட்டை, கழுத்தில் கழலை. வெட்டும்போதெல்லாம் தாடியின் பெரிய கைகள்தான் கண்முன் வந்தன. அந்தக் கைகள் சாவகாசமாக என் பழைய வீட்டின் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்திருக்கும், என் மகளின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கும். நான் பலகையைத் தள்ளவில்லை, அவரைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். பிளேடு உடையாமல் என்ன செய்யும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பார்த்ததும் என் மகள் வாயைப் பிளந்தாள். அந்த ஒரு நொடிக்காக நான் இன்னும் ஒன்பது பிளேடு உடைத்திருப்பேன். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "கண்ணாடி எங்கப்பா?" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?"

"கண்ணுக்குப் போடற கண்ணாடி. அங்க எனக்குன்னே சின்னதா ஒண்ணு இருக்கு. அது போடாம தாடி உள்ளயே விட மாட்டாரு."

"ஒண்ணும் ஆகாது. நீ பாரு" என்றேன்.

நான் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குதிரையின் முதுகில் கோடு ஒரு பக்கமும் வெட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. "அப்பா, நேரா தள்ளக் கூடாது. பலகையக் கொஞ்சூண்டு திருப்பிப் பிடிக்கணும். எல்லா பிளேடும் ஒரு பக்கமா இழுக்குமாம். அதுல ஒரு பக்கம் மட்டும் பிசிறு இருக்குமாம். எங்க வீட்ல அப்படித்தான் வெட்டுவாங்க."

எங்க வீட்ல. சரியான வழியைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. கையை ஒரு விரற்கடை திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் சொன்னதற்கு நேர்மாறாக, பலகையைக் கோட்டுக்கு இழுத்து அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

விரலை விலக்கிப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு அங்குலத்தில் சிவப்பாக ஒரு கீறல். ஒரே ஒரு அங்குலத்தில் கண் தப்பியிருக்கிறது. ஆழமில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ உடைந்த எலும்புகளைப் பார்த்தவன், என் வீட்டில் பஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று அலமாரியைத் திறந்தேன். அவள் அழவில்லை. நான் அழுகிறேனா என்றுதான் பார்த்தாள். மருந்து போட்டு முடித்ததும் என் காதருகே வந்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்ப்பா" என்றாள்.

ஆறு மணிக்கு வழக்கமாக வரும் அவள் அம்மா வரவில்லை. காய்ச்சலாம். வாசலில் தாடி நின்றிருந்தார். அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. வாங்க என்று சொல்வதற்குள் அவர் கண் அவள் கன்னத்துக்குப் போய்விட்டது.

"என்னடா இது?"

"கீழ விழுந்துட்டேன்" என்றாள் என் மகள், கண் இமைக்காமல்.

எனக்காக அவரிடம் பொய் சொல்கிறாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் பரவியது. ஜெயித்துவிட்ட சந்தோஷம். அது மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. அவள் தன் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தேன்.

"விழல" என்றேன். "பிளேடு உடைஞ்சு தெறிச்சுது. கண்ணாடி கேட்டா. நான்தான் குடுக்கல. என் தப்பு."

அவர் திறந்திருந்த பின்னறையைப் பார்த்தார். மெஷினையும், அதன் காலடியில் கிடந்த துண்டுகளையும், நொண்டிக் குதிரையையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன். அவர் மேல் கோபப்பட எனக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது. அவர் அவளிடம், "நீ போயி வண்டில உக்காரு" என்றார். அவள் போனதும் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அவங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார். "அந்தத் திமிங்கலம் செய்ய எனக்கு நாலு நாள் ஆச்சு சார். எப்படி அடுக்கறதுன்னு ஒரு தடவ பாத்துக்கிட்டா, அப்புறம் எங்க வீட்ல அத எடுக்கவே இல்ல. போன ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட காட்டத்தான் எடுத்துக்கிட்டு வந்தா. வீட்ல அவ விளையாடறதெல்லாம் ஒரே விளையாட்டுதான். எல்லா பொம்மையையும் வரிசையா படுக்க வெச்சு, மூச்சப் பிடிங்க, அசையாதீங்க, ஆச்சு, விடுங்கன்னு எக்ஸ்ரே எடுப்பா. என்னையும் ஒருநாள் தரையில படுக்க வெச்சா. டாக்டரா இருக்கலாம்ல, டீச்சரா இருக்கலாம்ல... ம்ஹூம்." சிரிக்க முயற்சி செய்தார், வரவில்லை. "என் பட்டறை அந்த விளையாட்டுல எங்கயும் வராது."

சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

ஜன்னலருகே போய் நின்றேன். கீழே தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து, குனிந்து, அவளுக்கு பெல்ட்டை மாட்டினார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே முகத்தை நிமிர்த்தி அவரிடம் காட்டினாள். அவர் அவள் தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, அந்தக் கீறலின்மேல் மெதுவாக ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் சின்னதாக ஒரு வட்டம் பனித்ததைப் பார்த்த பிறகுதான், நானும் ஊதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.